ஃபிளைட் சிமுலேட்டரும் விமானப் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும் பழக்கம் உள்ளவர்களிடம் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும்: "இதையெல்லாம் கற்றுக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?" சிலர் சும்மா கேட்பார்கள். சிலர் நிஜமாகவே பயந்து கேட்பார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்தப் பயம் முழுதாக விலகவே இல்லை. புதிதாக சிமுலேட்டர் வாங்கியவர்கள், அவர்களுடைய பெற்றோர், பல வருடங்களாக ஓட்டுபவர்கள் என எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களும் ஒரே அளவில் இருக்காது. சிலவற்றுக்கு நாலு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது.

வீட்டு சிமுலேட்டரை வைத்துக்கொண்டே ஒரு பயணிகள் விமானத்தை ஓட்டக் கற்றுக்கொள்ள முடியுமா?

பாதி முடியும். அந்தப் பாதியை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஏ320 பயணிகள் விமானத்துக்கான தரமான ஆட்-ஆன் (சிமுலேட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) ஒன்றை வாங்கிச் சில வாரங்கள் பொறுமையாக உட்கார்ந்தால், மின்சாரமே இல்லாமல் நிற்கும் விமானத்தை பேட்டரியில் தொடங்கி, துணை எஞ்சினை ஓட்டி, பயணப் பாதையை விமானத்தின் கணினியில் ஏற்றி, இரண்டு எஞ்சின்களையும் கிளப்பி ஓடுபாதை வரை கொண்டுபோகும் வரிசை முழுவதும் கைக்கு வந்துவிடும். கருவிகளைப் படிப்பதும், கட்டுப்பாட்டு கோபுரத்துடன் எந்தச் சொற்களில் பேச வேண்டும் என்பதும் அப்படியே படியும். பயிற்சிப் பள்ளிக்குப் போகும் சிமுலேட்டர் பிள்ளைகள் ஆரம்பத்தில் முன்னால் நிற்பது இதனால்தான்.

வராதது உடம்பு சம்பந்தப்பட்ட பாதி. ஸ்டிக்கில் கைக்குத் தெரியும் எடை, திரும்பும்போது இருக்கையில் அழுந்தும் உணர்வு, மேகத்துக்குள் நுழைந்ததும் உள்காது சொல்லும் பொய், ஓடுபாதைக்கு மேல் கடைசிச் சில அடிகளில் மூக்கை எவ்வளவு தூக்கலாம் என்ற கணிப்பு, இவை எதுவும் மேஜையில் கிடைக்காது. பக்கவாட்டுக் காற்றில் திரையில் ஒழுங்காக இறக்கிப் பழகியவர் நிஜ செஸ்னா சிறு விமானத்தில் முதல் தடவை ரட்டர் மிதியில் கால் வைத்ததுமே இதைப் புரிந்துகொள்வார்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ இந்தக் கோட்டைத் தெளிவாகவே போட்டிருக்கிறது. வீட்டில் கேம் விளையாடிய நேரம் பயிற்சிக் கணக்கில் சேராது. ஆணையம் அங்கீகரித்த மேஜைப் பயிற்சிக் கருவியில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, தனியார் விமானி உரிமத்துக்கு 2.5 மணி நேரம் வரை கணக்கில் வைக்கலாம். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதிக்கு, உயர்நிலைக் கருவி என்றால் 20 மணி நேரம் வரை ஏற்கிறார்கள். அதாவது கருவி படிப்பதில் சிமுலேட்டர் எவ்வளவு உதவும், கைப்பழக்கத்தில் எவ்வளவு குறைவாக உதவும் என்பதை அந்த இரண்டு எண்களே காட்டிவிடுகின்றன.

2001 தாக்குதலை நடத்தியவர்கள் ஃபிளைட் சிமுலேட்டர் கேமில் பழகியதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

கேம் அந்தக் கதையில் இருக்கிறது. ஆனால் மக்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

தாக்குதலை விசாரித்த 9/11 ஆணையத்தின் அறிக்கையில், திட்டத்தை வகுத்த காலித் ஷேக் முகமது கராச்சியில் சிலருக்குக் கொடுத்த ஆரம்பப் பயிற்சி பற்றி ஒரு பகுதி வருகிறது. விமான நேர அட்டவணையைப் படிப்பது, இணையத்தைப் பயன்படுத்துவது, கடத்தல் காட்சிகள் உள்ள படங்களைப் பார்ப்பது ஆகியவற்றோடு கணினி ஃபிளைட் சிமுலேட்டர் கேம்களும் அங்கே இருந்தன. இது பதிவான செய்தி. இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் நான்கு விமானங்களையும் கடைசியில் ஓட்டிய நால்வரும் கேமில் கற்றவர்கள் அல்லர். அமெரிக்காவில் பணம் கட்டிப் பயிற்சிப் பள்ளிகளில் சேர்ந்தவர்கள். அவர்களில் அத்தாவும் அல்-ஷேஹியும் ஃபுளோரிடாவின் வெனிஸ் நகரில் படித்து வணிக விமானி உரிமம் வரை வாங்கினார்கள். இன்னொருவரான ஹஞ்சூரிடம் 1999-லேயே வணிக உரிமம் இருந்தது. அதன் பிறகு பெரிய ஜெட் விமானத்தின் தொழில்முறை சிமுலேட்டர்களில் காசு கொடுத்து நேரம் வாங்கினார்கள். நிஜ விமானம், நிஜப் பயிற்சியாளர், அரசு கொடுத்த உரிமம் ஆகியவைதான் அவர்களுடைய பாதை.

அதே கோடையில் நடந்த இன்னொரு சம்பவத்தை நான் எப்போதும் சேர்த்தே சொல்வேன். மினசோட்டா மாநிலம் ஈகனில் இருந்த ஒரு பயிற்சி மையத்துக்கு சக்காரியாஸ் முசாவி என்பவர் வந்தார். சிறிய விமானத்தைக்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாதவர், 747 சிமுலேட்டரில் பயிற்சி வேண்டும் என்றார். கட்டணத்தின் பெரும்பகுதியை ரொக்கமாகக் கட்டினார். அங்கிருந்தவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. எஃப்பிஐக்குத் தகவல் போனது. 2001 ஆகஸ்ட் 16 அன்று அவர் கைதானார். ஆளை நேரில் பார்த்து, அவர் கேட்பதும் அவருடைய அனுபவமும் பொருந்தவில்லை என்று கவனித்த மனிதர்கள் அங்கே இருந்தார்கள். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தத் தாக்குதலுக்குப் பிறகு கேமில் என்ன மாறியது?

உடனடியாக மாறியது நியூயார்க். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2002 பதிப்பு கிட்டத்தட்டத் தயாராகிவிட்ட நேரத்தில்தான் தாக்குதல் நடந்தது. வெளியீட்டைத் தள்ளிவைத்து, இரட்டைக் கோபுரங்களை நகரக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டு, அக்டோபரில் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய 2000 பதிப்பை வைத்திருந்தவர்களுக்கும் கோபுரங்களை நீக்கும் பேட்ச் ஒன்று வந்தது.

இந்தத் தொடரில் மன்ஹாட்டன் மீது பறப்பது பலருக்கும் முதல் நாள் பழக்கம். ஹட்சன் நதியைப் பிடித்துத் தெற்கே வந்தால் அந்த இரண்டு கோபுரங்கள்தான் தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம். அவற்றை எடுத்தது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். அந்த வாரங்களில் கடையில் வாங்கிய கேமில் அந்தக் கட்டிடங்கள் நின்றுகொண்டிருந்தால், குடும்பத்தில் ஒருவரை இழந்தவருக்கு அதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்? ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது துக்கத்துக்குக் கொடுத்த மரியாதை. அதனால் எந்த விமானமும் கூடுதலாகப் பாதுகாப்பு பெற்றுவிடவில்லை.

மற்ற கேம்களும் ஆடிப்போயின. சேகா நிறுவனம் தன் ட்ரீம்காஸ்ட் கேம் கருவிக்காகத் தயாரித்து முடித்திருந்த ப்ரொப்பெல்லர் அரீனா என்ற வான்சண்டை கேமை வெளியிடாமலே நிறுத்திவிட்டது. உயர்ந்த கட்டிடங்களுக்கு நடுவே விமானங்கள் பறக்கும் காட்சி அதில் இருந்ததுதான் காரணம்.

மெய்க்ஸ் ஃபீல்டு விமான நிலையம் ஏன் காணாமல் போனது?

பழைய ஆட்கள் ஆசையோடு கேட்கும் கேள்வி இது. 1982-இல் வந்த மைக்ரோசாஃப்டின் முதல் ஃபிளைட் சிமுலேட்டரைத் திறந்தால் உங்கள் செஸ்னா நிற்பது சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டில். மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரே ஒரு ஓடுபாதை, பக்கத்தில் நகரத்தின் வானளாவிகள். இருபது வருடம் உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் 'முதல் டேக்-ஆஃப்' செய்தது அங்கிருந்துதான். சிகாகோவை வாழ்க்கையில் பார்த்தே இராதவர்களுக்கும் அந்த ஓடுபாதை மனப்பாடம்.

2003 மார்ச் 30 இரவு, மேயர் ரிச்சர்ட் டேலி புல்டோசர்களை அனுப்பி ஓடுபாதையில் பெரிய பெரிய எக்ஸ் குறிகளைத் தோண்ட வைத்தார். முன்னறிவிப்பு இல்லை. அங்கே நின்றிருந்த சிறு விமானங்கள் மாட்டிக்கொண்டன. பிறகு இணைப்புப் பாதையிலிருந்து கிளம்பித்தான் அவை வெளியேறின. மேயர் சொன்ன காரணம், நகர மையத்துக்கு இவ்வளவு பக்கத்தில் சிறு விமானங்கள் பறந்தால் பயங்கரவாத ஆபத்து என்பது. ஆனால் அந்த இடத்தைப் பூங்கா ஆக்க வேண்டும் என்று அவர் 1990-களிலிருந்தே முயன்றுகொண்டிருந்தார். முறையாக அறிவிக்காமல் மூடியதற்காக எஃப்ஏஏ நகரத்துக்கு 33,000 டாலர் அபராதம் போட்டது.

இன்று அது பூங்கா. விமான நிலையத்தை மறக்க முடியாதவர்கள் அதைத் தாங்களே வரைந்து ஆட்-ஆனாகக் கொடுத்துவருகிறார்கள். பாதுகாப்பு என்ற காரணத்தைச் சொல்லிவிட்டால் வேறு எந்த ஆசையையும் அதன் கீழ் நுழைத்துவிடலாம் என்பதற்கு மெய்க்ஸ் ஒரு சாட்சி. அதனால்தான் 'பாதுகாப்புக்காக' என்று யார் சொன்னாலும், எதிலிருந்து, எப்படி என்று அடுத்த கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன்.

கேம் வாங்கியதற்காக யாராவது போலீஸ் விசாரணையில் சிக்கியிருக்கிறார்களா?

சிக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 2004 தொடக்கத்தில் செய்தியான சம்பவம்: ஒரு தாய் தன் 10 வயது மகனுக்காகக் கடையில் ஃபிளைட் சிமுலேட்டர் கேம் பற்றி விசாரித்தார். கடை ஊழியர் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுக்க, மாநிலக் காவலர் ஒருவர் இரவில் வீட்டுக்கே வந்து நின்றார். அந்தத் தாய் அமெரிக்க விமானப்படை ரிசர்வில் விமானியாக இருந்தவர். பையனுக்கு அம்மாவைப் போலப் பறக்க ஆசை, அவ்வளவுதான்.

அந்த ஊழியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சந்தேகப்பட்டால் சொல்லுங்கள் என்றுதான் அன்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். எதைச் சந்தேகப்பட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஈகன் பயிற்சியாளர்களுக்கு அந்த அறிவு தொழிலிலிருந்தே வந்தது. கடை ஊழியருக்குக் கிடைத்தது ஒரு பெட்டியின்மேல் அச்சடித்திருந்த விமானப் படம் மட்டும்.

2018-இல் சியாட்டிலில் விமானத்தை எடுத்துக்கொண்டு பறந்தவர் வீடியோ கேம் விளையாடியதாகச் சொன்னாரே?

சொன்னார். அதனால்தான் இந்தப் பேச்சு மறுபடி கிளம்பியது. 2018 ஆகஸ்ட் 10 மாலை, சியாட்டில்-டகோமா விமான நிலையத்தில் ஹொரைசன் ஏர் நிறுவனத்தின் தரைப் பணியாளர் ஒருவர் பயணிகள் இல்லாத க்யூ400 விமானம் ஒன்றைத் தனியாகக் கிளப்பிக்கொண்டு போனார். அவரிடம் விமானி உரிமம் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் பறந்தார். போர் விமானங்கள் பின்தொடர்ந்தன. கடைசியில் கெட்ரான் தீவில் விழுந்து அவர் மட்டும் இறந்தார். வானொலியில் கட்டுப்பாட்டாளரிடம் பேசும்போது, கொஞ்சம் வீடியோ கேம் விளையாடியிருப்பதாகக் குறிப்பிட்டார். இது பயங்கரவாதம் அல்ல என்று எஃப்பிஐ முடிவு செய்தது. தனக்குள் ஏதோ உடைந்துபோன ஒரு மனிதரின் கடைசி மாலை அது. அவரைக் கேலிப்பொருளாகவும் நாயகனாகவும் ஆக்கி வரும் படங்களைப் பகிராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்விக்கு வருகிறேன். அவருக்கு அந்த விமானம் எப்படிக் கிடைத்தது? அடையாள அட்டை இருந்தது. விமானங்கள் நிற்கும் இடத்துக்குள் போக அனுமதி இருந்தது. விமானத்தை வண்டியால் இழுத்துத் திருப்புவது அவருடைய தினசரி வேலை. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், உலகத்தின் எல்லா சிமுலேட்டர்களையும் கரைத்துக் குடித்திருந்தாலும் அவரால் அந்த விமானத்தைத் தொட்டிருக்க முடியாது. பாதுகாப்புத் துறை இதை உள்ளாள் ஆபத்து என்ற தலைப்பில் எடுத்துக்கொண்டது சரி. ஊழியர்களின் மனநலம், விமானங்கள் நிற்கும் இடத்தில் தனி ஆளை விடுவது போன்றவைதான் அங்கே பேச வேண்டியவை.

எம்எச்370 கேப்டன் வீட்டு சிமுலேட்டரில் அந்தப் பாதையை ஒத்திகை பார்த்தாரா?

2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் கிளம்பி 239 பேரோடு மறைந்த விமானம். கேப்டனின் வீட்டில் அவரே அமைத்த சிமுலேட்டர் இருந்தது. அதன் டிஸ்க்குகளிலிருந்து அழிந்த கோப்புகளின் துண்டுகளை மீட்டார்கள். அவற்றில் சில புள்ளிகளை ஒன்றோடொன்று கோத்தால் கோலாலம்பூரிலிருந்து அந்தமான் கடல் வழியாக இந்தியப் பெருங்கடலின் தெற்கே போகும் கோடு வருகிறது. பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

மலேசியாவின் 2018 விசாரணை அறிக்கை அந்தப் புள்ளிகளை மறைக்கவில்லை. ஆனால் கேம் சார்ந்த பறத்தலைத் தாண்டி அசாதாரணமான எதையும் காவல்துறையின் ஆய்வு காணவில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. விமானம் மறைந்ததற்கான காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றுதான் அறிக்கை முடிகிறது. சிமுலேட்டரை அதிகம் பயன்படுத்துபவர்களின் டிஸ்க்கில் அண்டார்டிகா போகும் பாதையும் இருக்கும், எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கிப் பார்த்ததும் இருக்கும். இந்தப் பாதை அதுபோன்ற ஒன்றா, வேறு ஒன்றா என்பதை அந்தக் கோப்புத் துண்டுகள் சொல்லவில்லை. எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத எனக்கு மனமில்லை. 239 பேரின் குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன.

சிமுலேட்டர் பயிற்சிக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டா?

தொழில்முறைப் பயிற்சிக்கு உண்டு. அமெரிக்காவில் 2001 நவம்பரில் வந்த சட்டம், 12,500 பவுண்டுக்கு மேல் எடையுள்ள விமானங்களில் பயிற்சி கேட்கும் வெளிநாட்டவரின் பின்னணியைச் சோதிக்கச் சொன்னது. 2003 டிசம்பரில் வந்த இன்னொரு சட்டம் அந்தப் பொறுப்பைப் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமையான டிஎஸ்ஏவிடம் கொடுத்து, சிறு விமானங்களையும் சேர்த்தது. கைரேகை, பாஸ்போர்ட் விவரம் எல்லாம் கொடுத்து அனுமதி கிடைத்த பிறகுதான் பயிற்சி. அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் எடுக்கும் பயிற்சியும் இதில் அடங்கும்.

வீட்டில் விளையாடும் கேம் இதில் வராது. நீங்கள் வாங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆன்லைனில் பறக்கும்போது 7500 போடக் கூடாது என்கிறார்களே, ஏன்?

டிரான்ஸ்பாண்டர் என்பது ரேடார் திரையில் நீங்கள் யார் என்று காட்டும் கருவி. அதில் நான்கு இலக்க எண் ஒன்றை வைப்பீர்கள். 7700 பொதுவான ஆபத்து, 7600 வானொலி செயலிழப்பு, 7500 கடத்தல். நிஜ உலகில் 7500 வந்தால் கட்டுப்பாட்டாளரின் திரையில் அந்த விமானம் தனியாகத் தெரியும். போர் விமானம் எழும்பும் அளவுக்கு விஷயம் போகும்.

வாட்சிம் என்ற இலவச வலையமைப்பில் விமானியும் தன்னார்வலர், கட்டுப்பாட்டாளரும் தன்னார்வலர். அங்கே எஞ்சின் தீப்பிடித்தது போல நடித்து அவசரநிலை அறிவிக்கலாம். கட்டுப்பாட்டாளர் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட வேண்டும் அல்லது இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஆனால் சட்டவிரோதச் செயல் எதையும் நடிக்கக் கூடாது, 7500 போடுவது உட்பட எந்த வழியிலும் கடத்தலை அறிவிக்கக் கூடாது என்று நடத்தை விதியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஐவாவோ என்ற இன்னொரு வலையமைப்பிலும் இதே நிலைதான்.

புதியவர்கள் மாட்டுவது பெரும்பாலும் தெரியாமல். எடுத்துக்காட்டாக, கொடுத்த எண் 2500, ஏற்கெனவே இருப்பது 7521. வலக்கோடி இலக்கத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றும்போது நடுவில் 7500 ஒரு விநாடி நின்றுவிடலாம். நிஜ விமானிகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. எண் மாற்றும்போது முதலில் கருவியை ஸ்டேண்ட்பைக்குக் கொண்டுபோய், எண்ணை முழுதாக வைத்துவிட்டு, பிறகு திரும்ப இயக்குங்கள். பழக்கமாகிவிட்டால் கை தானே செய்யும்.

விமானி அறைக் கதவு கேமில் எப்படி இருக்கிறது?

இங்கேதான் நிஜ உலகம் எவ்வளவு மாறியது என்பது கையெட்டும் தூரத்தில் தெரியும். ஏ320 ஆட்-ஆனில் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே உள்ள மேடையில், பின்பக்கமாக ஒரு சிறு விசை இருக்கும். மூன்று நிலை: அன்லாக், நார்ம், லாக். நடுவில் விட்டால் கதவு பூட்டியே இருக்கும். லாக் பக்கம் தள்ளினால் வெளியே உள்ள எண்பலகை கொஞ்ச நேரத்துக்கு வேலை செய்யாது. பழைய ஜெட் விமானங்களின் ஆட்-ஆன்களில் இந்த விசையைத் தேடினால் கிடைக்காது. துளைக்க முடியாத கதவை 2003 ஏப்ரலுக்குள் பொருத்த வேண்டும் என்று எஃப்ஏஏ கட்டாயமாக்கியது. பெரிய பயணிகள் விமானங்களுக்கு உலக அளவில் 2003 நவம்பரிலிருந்து சர்வதேச விதி வந்தது.

பறந்துகொண்டிருக்கும் விமானத்தை அப்படி இப்படித் திருப்ப அபாரமான திறமை தேவையில்லை. இது விமானத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்த அறிவைப் பூட்டிவைக்க முயலாமல் கதவைப் பூட்டினார்கள். 2001-க்குப் பிறகு எடுத்த முடிவுகளில் இதைத்தான் நான் மிகச் சரியானதாக மதிக்கிறேன். அதற்கும் ஒரு விலை உண்டு என்பது 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் நிறுவனத்தின் 9525 பயணிகள் விமானத்தில் தெரிந்தது. துணை விமானி உள்ளே பூட்டிக்கொள்ள, கேப்டன் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். விமானம் விழுந்து 150 பேரும் இறந்தார்கள். அந்த விசையை ஆட்-ஆனில் பார்க்கும்போது அதன் இரண்டு பக்கமும் நினைவுக்கு வரும்.

இன்னொன்று. 2001-க்கு முன்பு பல நாடுகளில் பறக்கும்போதே குழந்தைகளை விமானி அறைக்குள் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அந்த வழக்கம் கிட்டத்தட்டப் போய்விட்டது. விமான ஆசை உள்ள ஒரு பிள்ளை இன்று விமானி அறைக்குள் உட்காரும் ஒரே இடம் பல நேரங்களில் சிமுலேட்டர்தான். அதையும் சந்தேகத்தோடு பார்த்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

தடைசெய்யப்பட்ட வான்வெளிக்குள் கேமில் பறந்தால் பிரச்சினையா?

தனியாக விளையாடும்போது இல்லை. ஆனால் விதியோடு பறந்து பாருங்கள், சுவையே வேறு. வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் ஓடுபாதை 19-க்கு வடக்கிலிருந்து வருவதை முயலுங்கள். பொடோமாக் நதியின் வளைவுகளைப் பிடித்தே இறங்க வேண்டும். இடப்பக்கம் வெள்ளை மாளிகையைச் சுற்றிய பி-56 தடைப்பகுதி. நதியை விட்டு இடப்பக்கம் விலக இடமே இல்லை. கடைசி வளைவைத் தாழ்வான உயரத்தில் முடித்து நிமிரும்போது ஓடுபாதை நேரே வந்து நிற்கும். அந்தக் கடினம் முழுக்கப் பாதுகாப்பால் வந்தது இல்லை, ஒலிக் கட்டுப்பாடும் உண்டு. 2001 தாக்குதலுக்குப் பிறகு இந்த நிலையம் அக்டோபர் 4 வரை மூடியே கிடந்தது. அதைச் சுற்றி 30 கடல்மைல் ஆரத்துக்கு இன்றும் சிறப்பு விதிகள் இருக்கின்றன.

கேமில் சில ராணுவ தளங்கள் மங்கலாகத் தெரிவது ஏன்?

2020 முதல் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் உலகம் முழுவதையும் பிங் வரைபடத்தின் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கட்டுகிறது. மூலப் படத்திலேயே ஒரு தளத்தை மங்கலாக்கிக் கொடுத்திருந்தால் கேமிலும் அப்படியே வரும். உங்கள் கணினியில் கோளாறு இல்லை.

ராணுவ விமான சிமுலேட்டர்களில் ரகசியம் கசிவதாகச் சொல்கிறார்களே?

இந்தப் பக்கத்திலேயே நான் உண்மையாகக் கவலைப்படும் கேள்வி இது. பயணிகள் விமானங்களின் செயல்முறைகள் பெரும்பாலும் வெளிப்படையானவை. போர் விமானங்கள் அப்படி இல்லை.

டிசிஎஸ் வேர்ல்டு என்ற போர் விமான சிமுலேட்டரைத் தயாரிக்கும் ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம், அமெரிக்க ஏர் நேஷனல் கார்டு படைக்காகச் செய்த ஏ-10சி போர் விமானத்தின் மேஜைப் பயிற்சி மென்பொருளிலிருந்தே தன் பொதுப் பதிப்பை உருவாக்கியது. இது அனுமதியோடு நடந்த ஆரோக்கியமான வழி. அதே நிறுவனத்தில் வேலை பார்த்த ரஷ்யர் ஒருவர் எஃப்-16 போர் விமானத்தின் கையேடுகளை இணைய ஏலத்தில் அமெரிக்கர் மூலம் வாங்கி நாட்டுக்கு வெளியே வரவழைத்ததற்காக, ஜார்ஜியா நாட்டில் பிடிபட்டு, அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2019-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏலத்தில் சில டாலருக்குக் கிடைத்த பழைய கையேடுதானே என்று தோன்றும். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் விலையைப் பார்ப்பதில்லை.

வார் தண்டர் என்ற ஆன்லைன் போர் கேமில் நடப்பது வேறு வகை. 2021-இல் பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கி கேமில் தவறாக இருக்கிறது என்று வாதாடிய ஒருவர், நிரூபிக்க ராணுவக் கையேட்டின் பகுதிகளையே கேமின் இணைய மன்றத்தில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு பிரான்ஸின் லெக்லெர்க் டாங்கி, 2023-இல் எஃப்-16 என வரிசையாக வந்தது. ஒவ்வொரு முறையும் கேமைத் தயாரிக்கும் கைஜின் நிறுவனம் அவற்றை நீக்கியது. இவர்களில் பலரும் உளவாளிகள் அல்லர். 'என் வண்டியை ஏன் இப்படிக் குறைத்துக் காட்டுகிறாய்' என்ற ஆதங்கம்தான். ஆனால் போட்ட கோப்பு ஆதங்கத்தோடு போகாது. எதிரி நாட்டுக்காரரும் பதிவிறக்கலாம்.

ஏதோ ஒரு ஏவுகணையின் வீச்சு கேமில் பத்து சதவீதம் குறைவாக இருப்பதால் எந்த ஆட்டமும் கெட்டுவிடாது. ரேடார், மின்னணுப் போர்முறை, நண்பர்-எதிரி அறியும் கருவி போன்றவற்றை தயாரிப்பாளர்கள் தெரிந்தே எளிமையாக வைக்கிறார்கள். அதைக் குறையாக எண்ணாமல் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கேமில் விமானம் மோதினால் தீயோ சிதறலோ ஏன் இல்லை?

மைக்ரோசாஃப்டின் இன்றைய பதிப்புகளில் திரை கறுத்து ஒரு செய்தி மட்டும் வரும். நிஜ நிறுவனங்களின் பெயரும் சின்னமும் தாங்கிய விமானம் எரிவதைக் காட்ட யாரும் விரும்ப மாட்டார்கள் என்பது ஒன்று. இது பறப்பதற்கான கேம் என்பது இன்னொன்று. எனக்கு இதில் குறை தெரியவில்லை.

என் பிள்ளை இதிலேயே மூழ்கிக் கிடக்கிறான். நான் கவலைப்பட வேண்டுமா?

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பறத்தலைப் பாருங்கள். அவன் வானிலை அறிக்கையைப் படித்து, எரிபொருள் கணக்குப் போட்டு, ஓடுபாதையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தால் அது படிப்பு. எப்போதும் கட்டிடத்தில் மோதிப் பார்ப்பதிலும், நிஜ விபத்துகளில் மக்கள் இறந்ததைக் கொண்டாடும் பேச்சிலும் நாட்டம் இருந்தால், கேமைப் பிடுங்குவதற்கு முன் அவனோடு பேசுங்கள். அது விமானத்தைப் பற்றிய கவலை இல்லை, அவனைப் பற்றிய கவலை.

ஆன்லைனில் பேசும்போது கடத்தல், குண்டு போன்றவற்றை வேடிக்கையாகக்கூட எழுத வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். நிஜ விமான நிறுவனத்தின் பக்கத்தில் போய் அப்படி எழுதினால் அது மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளப்படும்; பதின்வயதுப் பிள்ளை என்றும் பார்க்க மாட்டார்கள்.

ரகசிய முத்திரை உள்ள ஆவணம் ஒன்றை யாரோ பகிர்ந்திருப்பதைப் பார்த்தேன். என்ன செய்வது?

திறக்காதீர்கள், பதிவிறக்காதீர்கள், 'இதைப் பாருங்கள்' என்று இன்னொரு குழுவுக்குத் தள்ளாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டும் பகிர்வுதான். அந்த இடத்தின் நிர்வாகிக்கு இணைப்பை மட்டும் அனுப்பி, நீக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே உங்கள் கணினியில் இறங்கிவிட்டதென்றால் அழித்துவிடுங்கள், தானாக மேகச் சேமிப்புக்குப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் ராணுவத்திலோ விமானத் துறையிலோ வேலை பார்ப்பவர் என்றால், அழிக்கும் முன் உங்கள் பணியிடத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் கேளுங்கள்; அவர்களுடைய நடைமுறை வேறாக இருக்கும்.